காதில் விழும் பேச்சு: நெல்லைச் சீமையின் தமிழைக் கேட்டுக் குறித்துவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைத் தமிழ் என்று எழுதப்படுவதில் பெரும்பாலானது, 'ஏலே'யையும் 'அண்ணாச்சி'யையும் எடுத்துவிட்டால் எந்த ஊர்த் தமிழென்றே சொல்ல முடியாது. சிறுகதை, குறும்படம், தொலைக்காட்சித் தொடர் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. பாத்திரம் 'ஏலே' என்று ஆரம்பிக்கும். அடுத்த வார்த்தையே 'இன்னா பண்ற' என்று வேறு ஊருக்குப் போய்விடும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய் வாங்க வருகிறவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். 'சொல்லுதேன்', 'கேக்காவ', 'வாரும்வே', 'தெரியும்லா' என்று வந்துகொண்டே இருக்கும். இந்த இலக்கணத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித்தராது. பேசுகிறவர்கள் வாயில்தான் இருக்கிறது, அதனால் கேட்டுத்தான் படிக்க வேண்டும்.

கதை, வசனம் எழுதுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவும். அப்பா அம்மா நெல்லைக்காரர்கள், பிறந்து வளர்ந்தது மட்டும் வெளியூர் என்று இருக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். சொந்த ஊரிலேயே இருந்துகொண்டு, தாத்தா பேசியதைத் தான் பேசவில்லையே என்று நினைக்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவும்.

முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்

அறிமுகமில்லாதவர் பேசுவதைக் கேட்பது தப்பில்லையா என்று கேட்பீர்கள். தப்பாகவும் ஆகலாம். அதனால் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். பேசும் விதத்தை எடுத்துக்கொள்ளலாம். பேசியவரின் சேதியை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஒரு பெண் தன் நாத்தனாரைப் பற்றிப் பேசுகிறாள் என்றால், 'அவ சொன்னதை நான் காதுலயே வாங்கலைல்லா' என்ற வாக்கியத்தின் கட்டு உங்களுக்கு வேண்டும். நாத்தனார் என்ன செய்தாள் என்பது உங்களுக்கு வேண்டாம். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கோட்டிலிருந்துதான் வருகின்றன.

தமிழர்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, யாரோ பேசும் நல்ல சொல்லுக்காகக் காத்து நிற்பதை முல்லைப்பாட்டில் பார்க்கிறோம். விரிச்சி கேட்பது என்று அதற்குப் பெயர். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் ஆய்மகள், 'இதோ உன் தாய் வந்துவிடுவாள்' என்கிறாள். அது அவர்கள் காதில் விழுகிறது. அவளுடைய வீட்டுக் கதையை அவர்கள் கேட்கவில்லை. காற்றில் வந்த அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். திருக்குறளும், மறைவாகப் பேசும் பெரியவர் பக்கத்தில் இருக்கிறவன் காதைக் கொடுக்கவும் வேண்டாம், துருவிக் கேட்கவும் வேண்டாம், அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளட்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டிய வரம்பு கிடைத்துவிடும்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

நெல்லைச் சீமை என்று நான் சொல்வது இன்றைய மாவட்டத்தை மட்டும் அல்ல. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. பேச்சு அதற்காகப் பிரிந்துவிடவில்லை. கரிசல் காடு, ஆற்றுப் பாசனம், தேரி என்கிற செம்மணல் மேடு, கடற்கரை, மலையடிவாரம் என்று நிலம் மாற மாறப் பேச்சும் மாறுகிறது. எனவே எந்தப் பக்கத்துப் பேச்சு வேண்டும் என்று தெரிந்துகொண்டு இடத்தை எடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் இடம் ரயில்தான். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பிரியும் இரண்டு கிளைப் பாதைகளே பெரிய பள்ளிக்கூடம். ஒன்று செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் போகிறது. மற்றது சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை போகிறது. பாசஞ்சர் வண்டியில் எதிரெதிர் இருக்கை. மக்கள் கூட்டமாக ஏறுகிறார்கள். ஏறும்போது தொடங்கிய பேச்சு இறங்கும்போதுதான் முடிகிறது. கிழக்கே போனால் பேச்சில் கடற்கரை வாசனை ஏறும். காயல்பட்டினத்துக்காரர்கள் ஏறினால் அண்ணன் 'காக்கா', அக்கா 'ராத்தா' என்று முறைப்பெயர்கள் மாறும். மேற்கே செங்கோட்டை 1956 வரை மலையாள நாட்டோடு இருந்த ஊர்; அந்தப் பக்கத்து ஆட்கள் பேசும்போது வாக்கியம் முடியும் இடத்தில் குரல் எப்படி ஏறி இறங்குகிறது என்று கவனியுங்கள். ஒரே டிக்கெட்டில் நாலு வகைப் பேச்சைக் கேட்கலாம்.

அடுத்தது டவுன் பஸ். டவுனிலிருந்து ஈரடுக்குப் பாலம் ஏறி ஜங்ஷன், அங்கிருந்து சுலோசன முதலியார் பாலம் தாண்டி வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை என்று போகிற வண்டிகளில் காலையும் சாயங்காலமும் ஏறுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜவுளிக்கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள் தினமும் அதே வண்டியில் அதே ஆட்களோடு போகிறார்கள். அந்தப் பேச்சில் இருக்கிற வேகமும் உரிமையும் வேறெங்கும் கிடைக்காது.

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு ஒரு தடவையாவது போங்கள். பேரப் பேச்சு என்றால் என்ன என்று அங்கே தெரியும். ஆட்டின் பல், வயசு, வளர்த்த விதம், வந்த தூரம் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லுவார்கள். விலையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய தரகர் வழக்கம் சந்தைகளில் உண்டு. சொல்லாமல் விடுகிற இடம் எது என்பதும் பேச்சின் ஒரு பகுதிதான். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டும் நல்ல இடம்.

டீக்கடை எல்லா ஊரிலும் நல்லதே. ஆனால் ஹைவே ஓரத்துக் கடை வேண்டாம். ஊருக்குள் இருக்கிற கடைக்குப் போங்கள். இரண்டு நாள் தொடர்ந்து போனால் நீங்கள் புது ஆள் என்பதே மறந்துபோகும்.

பலர் பரிந்துரைக்கிற மூன்று இடங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை வரிசை. சாயங்காலம் அல்வாவுக்கு நிற்கிறவர்களில் வெளியூர்க்காரர்கள் அதிகம். இரண்டு, சீசன் நேரத்துக் குற்றாலம். ஜூன், ஜூலையில் எல்லா ஊர்த் தமிழும் அங்கே கேட்கும். அருவி இரைச்சலில் எதுவும் முழுசாகக் காதில் விழாது. மூன்று, ஆனித் தேரோட்டம். அன்றைக்கு ஊரே திரளும், ஆனால் மேளத்திலும் கோஷத்திலும் பேச்சு மூழ்கிவிடும். போய் வடம் பிடியுங்கள், கேட்பதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி ஆற்றங்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குறுக்குத்துறை மாதிரிப் படித்துறைகளில் விடியற்காலையில் எதிர்க்கரைப் பேச்சுகூடத் தெளிவாகக் கேட்கும். தண்ணீருக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே கொஞ்சம் வெப்பமான காற்றும் இருக்கும்போது, மேலே போகிற ஒலி வளைந்து திரும்பக் கீழேயே வருகிறது. அதனால்தான் அவ்வளவு தூரம் வருகிறது. பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. தனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்று நம்பித்தான் அவர்கள் பேசுகிறார்கள். எனவே படித்துறையில் கேட்கலாம், எதையும் குறிக்க வேண்டாம் என்பது என் கட்சி. பெண்கள் குளிக்கும் படித்துறைப் பக்கம் ஆண்கள் போகவே கூடாது.

படி 2: எங்கே உட்காருவது

பேசுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைப்போம். உண்மையில் முன்னால் உட்கார்ந்தால்தான் நன்றாகக் கேட்கும். குரல் வாயிலிருந்து முன்பக்கமாகத்தான் போகிறது. அதிலும் ச, த, க மாதிரி மெய்யொலிகளைப் பிரித்துக்காட்டும் மெல்லிய ஒலிகள் பின்பக்கம் மிகக் குறைவாகவே வரும். பேசுகிறவர்களுக்கு ஒரு வரிசை முன்னால், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். காதுக்கும் நல்லது, உங்கள் பார்வை அவர்களைத் தொந்தரவு செய்யாது.

பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இருக்கை வேண்டாம், எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஜன்னலோரத்தில் காற்றடிக்கும். ஆண்களாக இருந்தால் மகளிர் இருக்கைகளுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே போய் நிற்காதீர்கள். பெண்கள் பேச்சு வேண்டுமென்றால் ரயிலில் குடும்பமாக ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு அத்தையிடம் கேளுங்கள்.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பதுபோல் நடிக்கச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நடிக்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கோடு எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும்.

படி 3: காதைப் பழக்குவது

1953-ல் காலின் செர்ரி என்பவர் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஓடியதில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நம் காது அப்படித்தான். கூட்டத்தில் ஒரு குரலைத்தான் முழுசாகப் பிடிக்க முடியும். எனவே வண்டி முழுவதையும் கேட்க முயலாதீர்கள். ஒரு குரலை எடுங்கள், ஒரு நிறுத்தம் வரை அதோடு போங்கள், அப்புறம் விட்டுவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

போனில் பேசுகிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒருபக்கப் பேச்சு மட்டும் கேட்டால் நம் கவனம் இருபக்கப் பேச்சைவிட அதிகமாகச் சிதறுகிறது என்று 2010-ல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. எதிர்முனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனம் கதை கட்ட ஆரம்பித்துவிடும். உங்களுக்குக் கதை வேண்டாம், பேச்சு வேண்டும். இரண்டு பேர் நேருக்கு நேர் பேசுவதே நமக்கு உகந்தது.

படி 4: எதைப் பிடிப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சு. புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் அபூர்வமான சொற்களைத் தேடுவார்கள். 'கோட்டி' (பைத்தியம்), 'சோலி' (வேலை), 'சேக்காளி' (நண்பன்), 'பைய' (மெதுவாக), 'வெரசா' (சீக்கிரமாக) எல்லாம் கிடைக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் நெல்லைத் தமிழை நெல்லைத் தமிழாக்குவது அந்தச் சொற்கள் அல்ல. முதலில் வினைமுற்றைப் பிடியுங்கள்.

நிகழ்காலத்தை எடுத்துக்கொள்வோம். 'சொல்கிறேன்' இங்கே 'சொல்லுதேன்'. 'ஓடுகிறான்' என்பது 'ஓடுதான்'. ஆனால் 'பார்க்கிறான்' என்பது 'பாக்குதான்' ஆகாது, 'பாக்கான்' ஆகும். 'நடக்கான்', 'படிக்கா', 'கேக்காவ' எல்லாம் இந்த வகை. 'க்கிறு' வருகிற வினைகளில் 'கிறு' தேய்ந்து 'க்க' மட்டும் நிற்கிறது. மற்ற வினைகளில் பெரும்பாலும் 'உத' வருகிறது; 'வா', 'போ' மாதிரிச் சில வினைகள் மட்டும் 'வாராவ', 'போறிய' என்று தனி வழியில் போகும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் வசனத்தில் வருகிற தப்புகளில் பெரும்பகுதி சரியாகிவிடும். 'பாக்குதேன்லே' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எழுதியவர் ஒரு நாளாவது பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று மனசு வலிக்கும்.

அடுத்தது மரியாதை. 'வருகிறார்கள்' என்பது 'வாராவ'. 'வந்தார்கள்' என்பது 'வந்தாவ'. எதிரில் இருக்கிறவரிடம் 'எங்க போறிய', 'என்ன சொல்லுதிய'. எதிரில் இல்லாதவரைத் தெற்கே 'அவிய' என்பார்கள், கரிசல் பக்கம் 'அவுக' என்பார்கள். ஒரு சின்ன உரையாடலைப் பாருங்கள். செங்கோட்டை வண்டியில் ஓர் ஆச்சியும் பக்கத்தில் இருக்கிற பையனும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலரிடம் கேட்ட பேச்சைச் சேர்த்து, ஆளையும் சேதியையும் மாற்றி நானே கட்டியது இது.

'எய்யா, கல்லிடைக்குறிச்சி வந்துட்டாய்யா?'

'இல்ல ஆச்சி, இது காருகுறிச்சி. அடுத்தாப்புல வீரவநல்லூரு, அதுக்குப் பொறவுதான். நான் சொல்லுதேன், நீங்க பைய இருங்க.'

'போன வாட்டி இப்படித்தான் அசந்துட்டேன். அம்பாசமுத்திரத்துல போயி எறங்குதேன், மருமவன் அங்கன கல்லிடைக்குறிச்சில நின்னு தேடிக்கிட்டு நிக்காவ.'

'இப்பம் யாரு வாராவ கூப்பிட?'

'அவியதான். மகளுக்குச் சோலி ஓயாதுல்லா.'

'பைய', 'சோலி' இரண்டைத் தவிர இதில் அபூர்வச் சொல் எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பையனை ஆச்சி 'எய்யா' என்று கூப்பிடுகிறாள். வயசில் சின்னவனுக்கு 'ஐயா' போடுகிற வாஞ்சை அது. மருமகன் அவளைவிட எவ்வளவோ இளையவர், ஆனாலும் 'நிக்கான்' என்று வாயில் வரவில்லை, 'நிக்காவ' என்றுதான் வருகிறது. மகளை அப்படிச் சொல்லவில்லை. நடந்து முடிந்த கதையை 'எறங்குதேன்', 'நிக்காவ' என்று நிகழ்காலத்தில் சொல்லுகிறாள். கடைசியில் 'ஓயாதுல்லா' என்று அந்த 'லா'வைப் போட்டு, உனக்கும் தெரிந்ததுதானே என்று பையனையும் தன் பேச்சுக்குள் சேர்த்துக்கொள்ளுகிறாள். ஒரு குடும்பத்தின் உறவு முழுவதும் வினைமுற்றில் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, கூப்பிடும் முறை. 'லே' சேக்காளிகளுக்குள்ளும், வயசில் சின்னவர்களிடமும் வரும். முன்பின் தெரியாதவரிடம் வந்தால் சண்டைக்கு அழைப்பு. பெண்பிள்ளைகளுக்குள் 'ஏட்டி', 'ஏளா'. அப்புறம் இந்தச் சீமைக்கே உரிய 'வே'. நடுவயசுக்காரர்கள் சமமான ஆளிடம் 'நீரு', 'உமக்கு', 'வாரும்வே' என்று பேசுவது இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நீயும் இல்லை, நீங்களும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரே உரையாடலில் இந்த நாற்காலி மாறுவதைக் கவனியுங்கள். கடையில் கணக்கு பேசும்போது 'என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதிய' என்று ஆரம்பிப்பார்கள். வாக்குவாதம் ஏறினால் 'என்னவே இப்படிச் சொல்லுதீரு' என்று ஆகும். குரல் உயராமலேயே ஒரு படி இறங்கிவிட்டது. சமாதானம் ஆனதும் மறுபடி 'சரி அண்ணாச்சி' என்று ஏறும். இதை எழுத்தில் கொண்டுவந்தால் 'கோபத்துடன் சொன்னான்' என்று எழுதவே வேண்டியிருக்காது.

முறைப்பெயர்களும் முக்கியம். அண்ணன் மனைவி 'மைனி'. அம்மாவின் அம்மா 'ஆச்சி'. மேலப்பாளையத்தில் அப்பா 'வாப்பா', அம்மா 'உம்மா'. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஆளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதிலிருந்து சாதி, மதம் தெரிந்துவிடக் கூடிய சீமை இது. ஊர்ப்பெயரோடு சேர்த்து அதை எழுதினால் யாரோ ஒருவருக்கு வம்பு வரும். குறிப்பில் முறைப்பெயர் இருந்தால் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, 'ஆற்றுப் பக்கம்', 'கரிசல் பக்கம்' என்று மட்டும் போடுங்கள்.

படி 5: குறித்துவைப்பது

மனிதர்கள் கேட்ட வாக்கியத்தின் பொருளை வைத்துக்கொண்டு, சொன்ன வடிவத்தை உடனே விட்டுவிடுவார்கள். 1967-ல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். ஒன்றிரண்டு வாக்கியம் தாண்டினாலே, பொருள் மாறாமல் வடிவம் மட்டும் மாறியிருந்தால் கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நமக்கு வேண்டியதோ அந்த வடிவம்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று வைத்தால், ஆச்சியின் வாக்கியத்தை உங்கள் தமிழில் எழுதுவீர்கள்.

எனவே ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, மனசுக்குள் இரண்டு மூன்று தடவை அதே ராகத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் சின்ன நோட்டில் எழுதுங்கள். தேதி, எந்தப் பக்கம், பேசியவரின் வயசு ஏறக்குறைய, யாரிடம் பேசினார், வாக்கியம். இவ்வளவுதான். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம், வேலை பார்க்கும் இடம் வேண்டாம். ஒரு பயணத்துக்கு நாலைந்து வாக்கியம் போதும்.

போனில் ரெக்கார்ட் செய்யாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒருவர் குரலை அவருக்குத் தெரியாமல் பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போனால், சேதியும் ஆளும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நாம் போட்ட கோடு அங்கேயே அழிந்துபோகும். குரல் வேண்டுமென்றால் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். சந்தோஷமாகப் பேசுவார்கள்.

படி 6: எழுந்து போக வேண்டிய நேரம்

சில பேச்சுகள் ஆரம்பித்ததுமே காதை எடுத்துவிட வேண்டும். நோய் பற்றிய பேச்சு, பெண் பார்த்த விவரம், புருஷன் பெண்டாட்டி தகராறு, கடன், துஷ்டி (சாவு) வீட்டிலிருந்து திரும்புகிறவர்களின் அழுகை. அரசு ஆஸ்பத்திரி வராந்தா, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் வாசல் இவையெல்லாம் பொது இடங்கள்தான், ஆனாலும் அங்கே கேட்கப் போகாதீர்கள். அங்கே வருகிறவர்களுக்கு மெதுவாகப் பேச வேறு இடம் இல்லை. பஸ்ஸில் தானாகக் காதில் விழுந்தால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். இடம் இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வேறு எதையாவது நினையுங்கள். சின்னப் பிள்ளைகள் பேசுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் குறிக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான நேரமும் உண்டு. சேதியைக் கண்டிப்பாகக் கேட்டுத் தலையிட வேண்டிய நேரம் அது. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் போனில் வந்த ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணை யாருக்கோ சத்தமாகப் படித்துச் சொல்ல ஆரம்பித்தால், தோளைத் தொட்டு 'அண்ணாச்சி, அந்த நம்பரைச் சொல்லாதிய' என்று சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் 1098. பெண்ணுக்கு ஆபத்து என்றால் 181. யாரையோ வெட்டப் போகிறார்கள், அடிக்கப் போகிறார்கள் என்று கேட்டால் இறங்கி ஒதுங்கி நின்று 112. அந்த நேரத்தில் மொழி ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்தான்.

படி 7: வாயைத் திறப்பது

கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிதான் கிடைக்கும். நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டு யாராவது 'என்ன எழுதுதிய?' என்று கேட்டால், மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்: 'நம்ம ஊருப் பேச்சை எழுதி வைக்கேன், பழைய வார்த்தையெல்லாம் மறந்து போவுதுல்லா.' முகம் சுளித்தால் மன்னிப்புக் கேட்டு அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். பத்தமடைக்குப் போகிற பஸ்ஸில் என்னிடம் இப்படிக் கேட்ட ஓர் அம்மா, பதில் சொன்னதும் தன் பழைய வீட்டையே வாசலிலிருந்து கொல்லைவரை நடத்திக் காட்டினார். தெருவிலிருந்து பிரியும் குறுகல் சந்து முடுக்கு. வாசலில் உட்காருகிற இடம் திருணை. உள்ளே நுழைந்ததும் இருக்கிற கூடம் பட்டாசல். அப்புறம் அடுக்களை. ஏனம் (பாத்திரம்) கழுவித் தண்ணீர் விடுகிற இடம் அங்கணம். மூலையில் சாத்தி வைத்திருக்கிற துடைப்பம் வாரியல். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் கையை நீட்டி, இங்கே இங்கே என்று பஸ்ஸுக்குள்ளேயே காட்டினார். மாசக்கணக்கில் கேட்டுத் திரிந்தாலும் இப்படி வரிசையாகக் கிடைக்காது. அந்த வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்களாம். புது வீட்டில் ஹாலும் கிச்சனும்தான்.

இப்படிக் கிடைத்த சொல்லை இன்னொரு வாயிலும் கேட்ட பிறகே ஊர்ச்சொல் என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொல்வது அவர் வீட்டு வழக்காக இருக்கலாம், நாக்குத் தவறியதாகவும் இருக்கலாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தொகுத்து அகராதியாகவே கொண்டுவந்தார். அது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும்தான். ஆற்றுப் பக்கத்துக்கும் தேரிப் பக்கத்துக்கும் கடற்கரைக்கும் அதே அக்கறையோடு கேட்கிற ஆட்கள் வேண்டும்.

படி 8: எழுத்தில் கொண்டுவருவது

ஒலியை அப்படியே எழுத முயலாதீர்கள். இங்கே பலர் வாயில் 'பழம்' 'பளம்' ஆகத்தான் வருகிறது. அதற்காக எல்லா ழகரத்தையும் மாற்றி எழுதினால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும். பேசுகிறவர் படிக்காதவர் என்ற எண்ணமும் வந்துவிடும். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவரும் அப்படித்தான் பேசுகிறார், அவர் வசனத்தை மட்டும் சுத்தத் தமிழில் எழுதுவது அநியாயம். ஒலியை விட்டுவிட்டு வடிவத்தை எழுதுங்கள். 'சொல்லுதேன்', 'பாக்காவ', 'போறிய', 'வாரும்வே', கடைசியில் வருகிற 'லா' இவ்வளவும் சரியாக இருந்தால், மற்ற எழுத்துகளைப் பழக்கமான எழுத்துக்கூட்டிலேயே விட்டுவிடலாம். நெல்லைக்காரர் படிக்கும்போது மீதியை அவர் நாக்கே சேர்த்துக்கொள்ளும்.

'ஏலே'யை எண்ணிப் போடுங்கள். நிஜப் பேச்சில் ஒருவரைக் கூப்பிடும்போதும், அதட்டும்போதும், கொஞ்சும்போதும்தான் வருகிறது.

கேட்ட வாக்கியத்தை அப்படியே கதையில் வைத்தால் சொன்னவருக்குத் தன் வாக்கியம் தெரிந்துவிடும். நெல்லை பெரிய ஊர்போலத் தோன்றும். உண்மையில் யாரைக் கேட்டாலும் 'அவாள நமக்குத் தெரியும்லா' என்கிற ஊர். எனவே ஒருவர் சொன்ன வாக்கியக் கட்டில் இன்னொருவர் சொன்ன பொருளை வையுங்கள். ஊரை மாற்றுங்கள், உறவை மாற்றுங்கள், வயசை மாற்றுங்கள். வினைமுற்றை மட்டும் மாற்றாதீர்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அறுபது வயசைத் தாண்டிய, அந்தப் பக்கத்திலேயே பிறந்த, உங்கள் எழுத்தைப் பாராட்ட வேண்டிய அவசியம் இல்லாத ஆளாகப் பாருங்கள். 'இப்படிச் சொல்ல மாட்டாவளே' என்று அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே அடிக்கோடு போடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. 'வேற எப்படிச் சொல்லுவாவ?' என்று கேளுங்கள்.

நோட்டு நிறைந்ததும் சொற்களையும் வாக்கியக் கட்டுகளையும் அகர வரிசையில் ஒரு தனி நோட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆற்றுப் பக்கமா, கரிசலா, தேரியா, கடற்கரையா என்று மட்டும் இருக்கட்டும். மாற்றி முடித்ததும் பழைய நோட்டின் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். தேதியும் வயசும் உறவும் இனி யாருக்கும் தேவைப்படாது.